மடங்குக் கணக்கில் வராதவர்கள்

பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒவ்வோர் இந்திய நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை ஓர் எண்ணை அச்சிட்டு வெளியிடக் கடமைப்பட்டுள்ளது. தன் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் தன் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே அந்த எண். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 197ஆம் பிரிவு, 12ஆம் உட்பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. ஊழியர் அனைவரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்கும் தொகைதான் இடைநிலை ஊதியம். சராசரியை எடுத்தால் உச்சியில் உள்ள நாலைந்து பேரின் கோடிகள் மொத்தக் கணக்கையும் தூக்கிவிடும். அதனால் இடைநிலையே பொருத்தமான அளவுகோல்.

2024-25 நிதியாண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் சலில் பரேக் பெற்றது 80.62 கோடி ரூபாய். நிறுவனம் காட்டிய மடங்கு 752. டி.சி.எஸ். நிறுவனத்தின் கே. கிருத்திவாசன் அதே ஆண்டில் பெற்றது 26.52 கோடி, சுமார் 330 மடங்கு. அதற்கு முந்தைய ஆண்டில் எச்.சி.எல். டெக் நிறுவனத்தின் சி. விஜயகுமார் பெற்றது 84.16 கோடி, ஏறத்தாழ 700 மடங்கு. பின்னிருவரும் கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவர்கள். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து இன்று இத்தகைய நிறுவனங்களில் சேரும் புதியவருக்கோ ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் வரைதான். பத்தாண்டுக்கு மேலாகவே இந்தத் தொகை பெரிதாக நகரவில்லை. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் அது குறைந்திருக்கிறது.

மடங்கு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே எதை ஊதியமென்று கொள்வது, கீழே யாரை ஊழியரென்று கொள்வது என்ற இரண்டு முடிவுகளில் அது நிற்கிறது. பொதுவெளியில் நடக்கும் வாதம் பெரும்பாலும் மேல் எண்ணைப் பற்றியது. எத்தனை கோடி, அவ்வளவு தேவையா, அந்த உழைப்புக்கு அது தகுமா என்றே பேச்சு ஓடுகிறது. கீழ் எண்ணுக்குள் யார் சேர்க்கப்பட்டார்கள் என்று கேட்பவர் குறைவு. ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி மறைந்து கிடப்பது அங்கேதான்.

யாருக்கு எவ்வளவு என்று எழுதி ஊரறிய வைப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டு, ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும் மற்றப் பணியாளரையும் நிரல்பட அடுக்கி, ஒவ்வொருவருக்கும் உரிய நெற்பங்கைக் குறிக்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடல் மகளிருக்கு ஒரு பங்கு, நட்டுவம் செய்தவர்க்கு இரண்டு பங்கு. முக்கால் பங்கும் அரைப் பங்கும் பெற்ற பணியாளரும் உண்டு. பட்டியலின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகிறது. இதை வைத்துச் சோழர் காலத்தைச் சமத்துவத்தின் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அந்த நெல்லை விளைவித்துக் களத்துமேட்டில் அளந்துகொடுத்த உழுகுடிகள் இந்தப் பங்குக் கணக்கில் இல்லை. அரச குடும்பத்தின் வருவாயும் இல்லை. கோயில் வளாகத்துக்குள் சமச்சீராகத் தெரியும் ஒரு வரிசை, வளாகத்துக்கு வெளியே உள்ளவர்களை விட்டுவிட்டு உருவானது.

வெளியே உள்ளவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் எண் எப்படி மாறும் என்பதற்கு நவீன இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற சான்று 1930 மார்ச் 2ஆம் தேதி காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதம். உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்னறிவிப்பாக எழுதப்பட்ட அந்தக் கடிதத்தில் ஒரு சம்பளக் கணக்கும் வருகிறது. வைஸ்ராயின் மாத ஊதியம் 21,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியரின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. ஆக 5,000 மடங்குக்கு மேல். பிரிட்டிஷ் பிரதமரோ தன் நாட்டுச் சராசரியைப்போல் 90 மடங்குதான் பெறுகிறார். வைஸ்ராய் அலுவலக எழுத்தரின் சம்பளத்தோடு காந்தி ஒப்பிட்டிருந்தால் மடங்கு மிகச் சிறியதாகியிருக்கும். அவர் நாட்டு மக்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்தினார்.

அதே முறையை இன்றைக்கும் போட்டுப் பார்க்கலாம். 2023-24இல் இந்தியரின் தலா வருமானம் சுமார் 1.85 லட்சம் ரூபாய். எச்.சி.எல். தலைவரின் 84.16 கோடியை அதால் வகுத்தால் நாலரை ஆயிரம் மடங்கு வருகிறது. அவருடைய ஊதியத்தில் பெரும்பகுதி நீண்டகால ஊக்கத்தொகையாகவும் பங்காகவும் வருவது, அவர் பணிபுரிவது அமெரிக்காவில், பணம் தருவது தனியார் நிறுவனம், வரிப்பணம் அல்ல என்ற வேறுபாடுகளெல்லாம் உண்மை. இருந்தாலும் வைஸ்ராய் காலத்து எண்ணுக்கு இவ்வளவு அருகில் இன்னோர் எண் வந்து நிற்பது கவனிக்கத்தக்கது.

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், தனித் திறன் பெற்ற வல்லுநர் நீங்கலாக, அரசு ஊழியர் எவருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஊதியம் கூடாது என்றது. 1937இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையும் மாதம் 500 ரூபாய்ச் சம்பளத்தையே ஏற்றது. அரசுத் துறையில் அந்த மரபின் மிச்சம் இன்றும் இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். அமைச்சரவைச் செயலாளருக்கு 2,50,000 ரூபாய். பதினான்கு மடங்குக்குள் முடிந்துவிடுகிறது. நாட்டின் நிர்வாக இயந்திரத்தையே நடத்துபவருக்கு 14 மடங்கு போதுமென்றால் ஒரு மென்பொருள் நிறுவனத்தை நடத்துபவருக்கு ஏன் 700 வேண்டும் என்பது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல.

தனியார் துறையில் உச்சவரம்பின் கதை வேறு. ஆங்கிலேயர் காலத்தில் பெரிய ஆலைகளை இயக்கியது மேனேஜிங் ஏஜென்சி முறை. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை அப்படித்தான் பின்னி கம்பெனி நடத்தியது. ஆலை ஒரு கம்பெனி, அதை நிர்வகிப்பது இன்னொரு கம்பெனி, நிர்வாகத்துக்குக் கமிஷன். ஆலைக்கு ஆதாயம் வருகிறதோ இல்லையோ ஏஜென்டுக்கு வருமானம் வந்துகொண்டிருக்கும் என்ற குறை அந்தக் காலத்திலேயே எழுந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த ஆலைகளின் வாசலில்தான். விடுதலைக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், ஏஜென்டின் ஊதியம் நிகர லாபத்தில் 10 விழுக்காட்டையும், மொத்த நிர்வாக ஊதியம் 11 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று கட்டியது. 1970இல் ஏஜென்சி முறை ஒழிந்தது. 11 விழுக்காடு மட்டும் ஒழியவில்லை. இன்றைய சட்டத்திலும் அதே எண் அப்படியே இருக்கிறது. ஒரு நிர்வாக இயக்குநருக்கு 5 விழுக்காடு, எல்லா முழுநேர இயக்குநருக்கும் சேர்த்து 10 விழுக்காடு என்பது அதன் உட்பிரிவு. பங்குதாரர் சிறப்புத் தீர்மானத்தால் அதையும் மீறலாம். முன்பு தேவைப்பட்ட மத்திய அரசின் அனுமதியை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது.

இந்த வரம்பில் ஒரு விசித்திரம் உண்டு. அது லாபத்தோடு கட்டப்பட்டது, தொழிலாளியின் கூலியோடு அல்ல. லாபம் பெருகினால் வரம்பும் பெருகும். கூலியைக் குறைத்து லாபத்தைப் பெருக்கினாலும் பெருகும். 1970களில் உச்ச வருமான வரி 97.75 விழுக்காடு வரை போனதால் அதிகாரிகள் ரொக்கமாக வாங்குவதைவிட வீடு, கார், கிளப் உறுப்பினர் கட்டணம் என்று சலுகைகளாகப் பெறுவதே வழக்கமாயிற்று. 1991க்குப் பின் வரியும் தளர்ந்தது, கட்டுப்பாடும் தளர்ந்தது. சம்பளம் வெளிப்படையாக ஏறத் தொடங்கியது.

ஒரு தலைமை அலுவலரின் ஊதியம் இன்று எப்படி முடிவாகிறது? இயக்குநர் குழுவின் ஊதியக் குழு, ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தி, ஒத்த நிறுவனங்களின் ஊதியப் பட்டியலை வாங்குகிறது. தன் தலைவர் அந்தப் பட்டியலின் நடுவுக்குக் கீழே இருப்பதை எந்தக் குழுவும் விரும்புவதில்லை. குறைவாகக் கொடுத்தால் குறைவான ஆளை வைத்திருப்பதாகப் பொருள் கொள்வார்கள் என்ற அச்சம். ஆகவே எல்லோரும் நடுவுக்கு மேலே கொடுக்கப் பார்க்கிறார்கள், அடுத்த ஆண்டு நடுவே மேலேறிவிடுகிறது. ஊரில் கடைசியாக நடந்த கல்யாணத்தின் சீர்வரிசையைப் பார்த்து அடுத்த வீட்டார் ஒரு தட்டு கூட்டி வைப்பதைப் போன்றது இது.

இந்த ஏற்றத்துக்குப் பொருளியலாளர் சொல்லும் காரணங்கள் இரண்டு முகாமாகப் பிரிகின்றன. சேவியர் கபே, ஒகுஸ்தன் லாந்தியே இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, 1980க்கும் 2003க்கும் இடையே அமெரிக்கத் தலைமை அலுவலர் ஊதியம் ஆறு மடங்கானதை, பெரிய நிறுவனங்களின் சந்தை மதிப்பு அதே அளவு ஆறு மடங்கானதோடு பொருத்தியது. நிறுவனம் பெரிதாகப் பெரிதாகத் தலைவரின் சிறு திறன் வேறுபாடும் பெரும் பணமாகிறது என்பது அவர்கள் வாதம். லூசியன் பெப்சுக், ஜெஸ்ஸி ஃப்ரைடு ஆகியோர் இதை ஏற்கவில்லை. தன்னை நியமித்த குழுவின் மீதே தலைவருக்குப் பிடி இருக்கிறது, ஊதியம் அந்தப் பிடியின் விளைவு என்றார்கள். இந்திய நிலவரத்துக்கு இரண்டாவது விளக்கமே நெருங்கி வருகிறது. இங்கே பல நிறுவனங்களில் தலைவரும் பெரும் பங்குதாரரும் ஒருவரே.

சென்னையின் சன் டி.வி. நெட்வொர்க்கில் 2020-21இல் கலாநிதி மாறனும் காவேரி கலாநிதியும் தலா 87.50 கோடி ரூபாய் ஊதியம் பெற்றனர். நிறுவனத்தின் பங்கில் 75 விழுக்காடு நிறுவனர் தரப்பிடமே உள்ளது. நிறுவனர் குடும்பத்து நிர்வாகி 5 கோடிக்கோ நிகர லாபத்தில் இரண்டரை விழுக்காட்டுக்கோ மேல் வாங்கினால் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்கிறது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி. அதற்குத் தேவையான ஆதரவு, பதிவான வாக்குகளில் 75 விழுக்காடு. எல்லாம் சட்டப்படி நடப்பதுதான். ஆனால் வாங்குபவரின் கையிலேயே அவ்வளவு பங்கு இருக்கும் இடத்தில் அந்த வாக்கெடுப்பு பெரிய தடையாக இராது.

தடையாக அமைந்த சம்பவமும் உண்டு, அதுவும் தமிழ்நாட்டில் வண்டி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களைச் செய்யும் ஐஷர் மோட்டார்ஸ், 2021 ஆகஸ்டில் சித்தார்த்த லாலை நிர்வாக இயக்குநராக மீண்டும் நியமிக்கப் பங்குதாரர் ஒப்புதலைக் கேட்டது. ஊதிய வரம்பாகச் சொன்னது லாபத்தில் 3 விழுக்காடு. ஆதரவாக விழுந்தது சுமார் 73 விழுக்காடு வாக்குகளே; தீர்மானம் தோற்றது. நிறுவனர் தரப்பிடம் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கே இருந்ததால் வெளி முதலீட்டாளர்களின் வாக்குக்கு மதிப்பிருந்தது. வரம்பை 1.5 விழுக்காடாகக் குறைத்த பிறகு நியமனம் நிறைவேறியது. தடுத்தவர்கள் பரஸ்பர நிதிகளும் அயல்நாட்டு நிதிகளும். தொழிலாளருக்கு அங்கே வாக்கில்லை.

மேல் எண்ணிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. ரிலையன்ஸ் தலைவர் முகேஷ் அம்பானி 2008-09 முதல் தன் ஊதியத்தை 15 கோடியில் நிறுத்திக்கொண்டார். 2020-21 முதல் சம்பளமே எடுப்பதில்லை. மடங்குக் கணக்குப்படி அந்த நிறுவனத்தில் தலைவருக்கும் தொழிலாளிக்கும் இடைவெளியே கிடையாது! ஈவுத்தொகையும் பங்கின் மதிப்பேற்றமும் ஊதியமென்ற தலைப்பில் வருவதில்லை என்பதே இந்த வேடிக்கைக்குக் காரணம்.

கீழ் எண்ணுக்கு வந்தால், திருவண்ணாமலை மாவட்டத்திலேயே பார்க்கத்தக்க சான்று இருக்கிறது. செய்யாறு சிப்காட் வளாகத்தில் 2000களின் பிற்பாதியிலிருந்து காலணி ஆலைகள் இயங்குகின்றன. தைவானைச் சேர்ந்த ஃபெங் டே குழுமத்தின் லோட்டஸ் ஃபுட்வேர் அங்கே நைக்கி நிறுவனத்துக்காக ஷூ தயாரிக்கிறது. பல்லாயிரம் பேருக்கு அங்கே வேலை. பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் பெண்கள். தோலையும் துணியையும் வெட்டுவது ஒரு பிரிவு, மேற்பகுதியைத் தைப்பது ஒரு பிரிவு, பசை தடவி அடிப்பாகத்தை ஒட்டுவது இன்னொரு பிரிவு. மணிக்கு இத்தனை ஜோடி என்று லைனுக்கு டார்கெட். விவசாயக் கூலியை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் ஏறும் சம்பளமும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தமும் சிறிய மாற்றமல்ல. அதை மறுத்து இந்தப் பொருளைப் பேச முடியாது.

அமெரிக்கச் சட்டமும் மடங்கு வெளியீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2010ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டத்தில் வந்த விதி அது. 2018 முதல் நிறுவனங்கள் எண்ணை வெளியிடுகின்றன. நைக்கியின் மடங்கு கணக்கிடப்படுவது அதன் சொந்த ஊழியரை வைத்து. அவர்களில் அலுவலகத்தார், வடிவமைப்பாளர், விற்பனைக் கடை ஊழியர் உண்டு. ஷூ தைப்பவர் ஏறக்குறைய எவரும் அதில் இல்லை, ஏனென்றால் நைக்கி தன் காலணிகளை வெளி நிறுவனங்களிடமே செய்து வாங்குகிறது. 2023 மே மாதம் முடிந்த நிதியாண்டில் அதன் தலைவராக இருந்த ஜான் டொனஹோவின் ஊதியம் 3 கோடி டாலருக்கு மேல், ரூபாயில் 240 கோடிக்கு மேல். மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஆலைத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டால் ஆண்டுக்கு 2.4 லட்சம், இடைவெளி 10,000 மடங்குக்கு மேல். எந்த நாட்டு ஆண்டறிக்கையிலும் இந்த வகுத்தலைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. தலைவர் ஒரு நாட்டுச் சட்டத்தின் கீழ், ஆலை முதலாளி இன்னொரு நாட்டுச் சந்தையில், தைப்பவர் மூன்றாம் நாட்டில்.

எல்லை கடக்காமலும் இது நடக்கிறது. ஆலைக்குள்ளேயே ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவர் கம்பெனியின் ஊழியரல்ல, கான்ட்ராக்டரின் ஆள். நிறுவன விதிகள் எண்ணிக் காட்டச் சொல்வது நிரந்தர ஊழியரை. காவல், கேன்டீன், துப்புரவு, சரக்கேற்றம் எல்லாம் இப்படி வெளியே போன வேலைகள். இப்போது உற்பத்தி லைனே போகிறது. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் இப்போது 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டனர். இதன் விளைவு விந்தையானது. குறைந்த கூலிக்காரர்களை ஒப்பந்தத்துக்கு மாற்றினால் வரிசையின் வால் அறுபடுகிறது, நடுவில் நிற்பவர் மாறுகிறார், இடைநிலை ஊதியம் உயர்கிறது, மடங்கு இறங்குகிறது. யாருக்கும் ஒரு ரூபாய் கூட்டாமலேயே நிறுவனம் முன்னைவிடச் சமத்துவமானதாகக் காட்சி தரும்.

தீபாவளி போனஸிலும் இரு தரப்புக்கும் இரு வேறு நீதி. பின்னர் திருத்தப்பட்ட 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் தொழிலாளிக்குக் குறைந்தது 8.33, அதிகபட்சம் 20 விழுக்காடு என்று வகுத்தது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விகிதங்கள் மாறவில்லை. போனஸ் சட்டத்தில் கணக்கிடும் அடிப்படையும் முழுச் சம்பளமாக இருக்கவில்லை, மாதம் 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, எது கூடுதலோ அதுவாக இருந்தது. 7,000 அடிப்படையில் 8.33 விழுக்காடு என்றால் ஆண்டுக்குச் சுமார் 7,000 ரூபாய். லாபம் எவ்வளவு கொழித்தாலும் சட்டம் உறுதி செய்யும் போனஸ் 20 விழுக்காட்டோடு நின்றுவிடும். தலைவரின் ஊக்கத்தொகைக்கோ அவர் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்ற தடையே கிடையாது. பல மடங்கு போகலாம்.

பெரிய படத்திலும் இதே சாய்வு. தொழிற்சாலைகளின் நிகர மதிப்புக் கூட்டலில் தொழிலாளர் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு. இந்த நூற்றாண்டில் அது பாதியளவுக்கு இறங்கியது. 2024-25ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, முந்தைய ஆண்டில் பெருநிறுவன லாபம் 22.3 விழுக்காடு கூடியபோது வேலைவாய்ப்பு 1.5 விழுக்காடே கூடியதை எடுத்துக்காட்டிக் கவலை தெரிவித்தது. அரசின் ஆவணமே இதைச் சொல்லும் நிலை வந்திருக்கிறது.

இடைவெளியைக் குறைக்கப் பிற நாடுகள் செய்து பார்த்தவை பல. அமெரிக்கா 1993இல், தலைமை அலுவலருக்குத் தரும் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஊதியத்தை வரிச்செலவாகக் காட்ட முடியாது என்றது. செயல்திறன் சார்ந்த ஊதியத்துக்கு விலக்கும் அளித்தது. ஊதியம் முழுக்க அந்த விலக்கு வழியாகப் பாய்ந்தது. பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பின் கணக்கில், 1965இல் 21 மடங்காக இருந்த அமெரிக்க இடைவெளி 2023இல் 290. சுவிட்சர்லாந்தில் உச்ச ஊதியம் கடைநிலை ஊதியத்தின் 12 மடங்கைத் தாண்டக் கூடாது என்ற முன்மொழிவு 2013 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்து, சுமார் 65 விழுக்காட்டினரால் நிராகரிக்கப்பட்டது. அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரம் 100 மடங்கைத் தாண்டும் நிறுவனங்களின் தொழில்வரியில் 10 விழுக்காடும், 250 மடங்கைத் தாண்டினால் 25 விழுக்காடும் கூடுதலாக விதித்தது. தொழிலாளரே உரிமையாளராக உள்ள ஸ்பெயினின் மொன்ட்ராகன் கூட்டுறவுகளில் இடைவெளி ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. இவற்றில் போர்ட்லண்டு வழி நடைமுறைக்கு எளிது. ஆனால் அதுவும் வெளியிடப்பட்ட மடங்கையே நம்பியது. கீழ் எண் பிழைபட்டால் வரியும் பிழைபடும்.

இந்தியாவில் கீழ் எண்ணைத் திருத்தும் கருவி ஓரளவு கைவசம் உண்டு. சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபிக்குத் தர வேண்டிய வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதவர் எத்தனை பேர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. 197ஆம் பிரிவின் மடங்கையும் இந்தக் கட்டங்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு வரிசையில் விடுபட்டவர் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். சரக்கு அளிக்கும் வெளி நிறுவனங்களின் தகவலையும் சேர்க்க வேண்டும் என்று செபி முன்னர் திட்டமிட்டது. பிறகு அதைத் தள்ளிவைத்து, விருப்பப்பட்டால் தரலாம் என்றாக்கியது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற இந்திய நிறுவனத்துக்கே இந்தச் சலுகை. செய்யாறில் ஷூ தைத்து வாங்கும் அயல்நாட்டுப் பிராண்டு இந்தப் படிவத்தின் வரம்புக்குள்ளேயே வராது. அந்தப் படிவம் இடைநிலை ஊதியத்தை ஆண், பெண் வாரியாகக் கேட்கிறது. நிரந்தரம், நிரந்தரமல்லாதவர் என்று பிரித்துக் கேட்பது குறைந்தபட்சக் கூலி பற்றிய அட்டவணையில். அங்கே கேட்கப்படுவது, கொடுத்த கூலி சட்டக் குறைந்தபட்சத்துக்குச் சமமா, கூடுதலா என்பது மட்டும். எவ்வளவு என்பது அல்ல.